பூவுக்கு அடியில் இருந்த பட்டுத் தகடுகள்

சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். 'பட்டுப்பூச்சியிலிருந்து இரும்பை மிஞ்சும் பொருள்! விஞ்ஞானிகள் சாதனை!' என்று எழுத்துகள் துள்ளிக் குதித்து வந்தன. பின்னணியில் தவில் இல்லாத குறைதான். கீழே அவன் கேட்டிருந்தான்: "மாமா, நீங்க லேப்ல செஞ்சது இதானே?" நான் 'ஆமா' என்று போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

மறுநாளே நான் வேலை பார்த்த துறையிலிருந்து என் இடத்துக்கு வந்திருக்கும் பையன் கூப்பிட்டான். பழைய சோதனை இயந்திரத்தைக் கழற்றி எடுத்துவிட்டார்களாம், புதியது வந்துவிட்டதாம், ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். "இளைஞர்களுக்கு ஊக்கமா இருக்கிற மாதிரி எழுதுங்க அண்ணாச்சி" என்றான். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. நடந்தது இருக்கிறது. அதை எழுதுகிறேன், போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் வேலை உடைப்பது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் பொருளியல் ஆய்வுக்கூடத்தில் சோதனை இயந்திரத்தை ஓட்டும் ஊழியனாக இருந்தவன் நான். பொருளியல் என்றால் பணக்கணக்கு இல்லை. கம்பி, சிமெண்ட், கயிறு, ரப்பர் என்று எது வந்தாலும் அது எந்தப் பாரத்தில் போகிறது என்று பார்க்கிற இடம். மேலப்பாளையத்தில் நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, கொஞ்ச காலம் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் கிடந்து, இங்கே வந்து சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரும் படுகிற பாடுதான்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஞானமுத்து சார். ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு அவருடையது. ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படித்தான் ஆய்வுக்கூடத்திலும் உட்கார்ந்திருப்பார். என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்து, "இத முறுக்கி உடையும்" என்றார். முறுக்கினேன். பட்டென்று உடைந்தது. "எப்படி உடைஞ்சிருக்கு?" என்றார். பார்த்தேன். நேராக உடையவில்லை. திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு உடைந்திருந்தது. "இப்ப இன்னொன்ன இழுத்து உடையும்." அது நேராக உடைந்தது. "சரி, திங்கக்கிழமை வாரும்" என்றார். வேலை கிடைத்த கதை அவ்வளவுதான்.

எண்ணைப் படிக்க எந்தக் கழுதையாலும் முடியும், உடைந்த முகத்தைப் பார்க்கத்தான் ஆள் வேண்டும் என்பது அவருடைய கட்சி. கோபப்பட்டால் அவர் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். ஒருதடவை வந்த எண்ணை அவர் எண்ணாகவே சேர்த்துக்கொள்வதில்லை. "மறுபடி வரட்டும், அப்ப பாப்போம்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தால் அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் பாதிப் பேர் வேறு பேராசிரியர்களிடம் ஓடிப்போனார்கள். ஓடினவர்களுக்குச் சீக்கிரம் பட்டமும் கிடைத்தது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது.

பட்டு வந்தது என் பணியின் கடைசிப் பகுதியில். தென்காசிப் பக்கம் மல்பெரி போட்டுப் புழு வளர்ப்பவர்களிடமிருந்து கூடுகளைச் சாக்கில் வாங்கி வருவார்கள். முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரெல்லாம் பட்டை எடுத்துச் சேலை நெய்யும், இவர்கள் அதைக் கரைத்து மாவாக்கித் தகடு செய்யப் போகிறார்களாம். எங்கள் வாப்பா கேட்டிருந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டிருப்பார்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டை வெட்டி உள்ளே இருக்கும் செத்த புழுவைத் தட்டி எறிய வேண்டும். அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக வாரமாகும். வெட்டிய கூட்டைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கொதிக்க விட்டால் நூலை ஒட்டியிருக்கும் பசை கரைந்துபோய், பஞ்சு மாதிரி பட்டு மட்டும் மிஞ்சும். கூடக் கொஞ்ச நேரம் கொதித்துவிட்டால் பட்டே நைந்துவிடும். அந்தப் பஞ்சை ஓர் உப்புக் கரைசலில் போட்டால் தேன் போலக் கரையும். பிறகு உப்பை வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் செய்வார்களே, அதே சங்கதிதான். சவ்வுக் குழாயில் ஊற்றி நல்ல தண்ணீரில் தொங்கவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மிஞ்சுவதை உறைய வைத்து, உறைந்தபடியே உலர்த்தினால் வெள்ளை மாவு வரும். மாவை இரும்பு அச்சில் கொட்டிச் சூட்டோடு அழுத்தினால் தகடு. விரல் நீளம், கருப்பட்டிப் பாகு நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் அழகாகத்தான் இருக்கும்.

எதற்கு இந்தப் பாடு என்றால், எலும்புக்கு. கால் முறிந்தால் இரும்புத் தகடு வைத்துத் திருகாணி போடுகிறார்கள், எலும்பு கூடிய பிறகு அதை எடுக்க இன்னொரு அறுவை. பட்டுத் தகடு என்றால் உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும், இரண்டாவது தடவை கத்தி வைக்க வேண்டாம். முதலில் ஆட்டின் காலில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு கால்நடை மருத்துவர் சம்மதித்திருந்தார். அவர் வாரம் ஒருமுறை போன் செய்து, "தகடு ரெடியா சார்?" என்பார்.

ரெடியாகவில்லை. தகடு நிறையப் பாரம் தாங்கியது, ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்தது. வலுவாக இருப்பது ஒன்று, முறியாமல் வளைந்து கொடுப்பது வேறொன்று. முருங்கைக் கிளையையும் புளியம் விளாறையும் வளைத்துப் பார்த்த யாருக்கும் இது தெரியும். ஓடுகிற ஆட்டின் காலுக்கு இரண்டும் வேண்டும். இரண்டு தாங்கிகளின் மேல் தகட்டை வைத்து நடுவில் பைய அமுக்குவேன். இயந்திரம் வரைகிற பாரக் கோடு நேராக ஏறும். 'டக்'. அவ்வளவுதான். இரண்டு துண்டையும் எடுத்து உறையில் போடுவேன். மாதக் கணக்கில் இதே கதை.

இந்த வேலையைச் செய்தவள் பேச்சியம்மாள். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண். அப்பா விவசாயி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். சாரிடமிருந்து ஓடாத ஒன்றிரண்டு பேரில் ஒருத்தி. முனைவர் பட்டத்துக்கான உதவித்தொகை முடிகிற கட்டம். ஊரில் தங்கைக்கும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "மூத்தவ என்ன செய்யுதா?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்களாம். "பூச்சி அவிக்கான்னு எங்கம்மா சொல்லுதா அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை. விஜயதசமிக்கும் விடுமுறைதான், ஆனாலும் எங்கள் ஆய்வுக்கூடம் திறந்துவிடும். எனக்கு அந்தக் காலைப் பொழுதுகளில் ஒரு தனி வேலை உண்டு. பூஜை நாளில் நானும் சாரும் வர மாட்டோம். உதவியாளர் சுடலைமுத்துவும் ஆராய்ச்சிப் பிள்ளைகளும் சேர்ந்து எல்லா இயந்திரத்தையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூஜை செய்வார்கள். எனக்கென்று பொரிகடலையைப் பூஜைக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடும் நல்ல மனசு சுடலைமுத்துவுக்கு உண்டு. ஆனால் என் இயந்திரத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கிற தாடையின் பல்லில் போய்ச் சந்தனத்தை அப்பி வைப்பார். காய்ந்துவிட்டால் சனியன் கல் மாதிரி ஆகிவிடும். வருஷா வருஷம் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக நான் அதைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். "வே, நெத்தியில வையும், பல்லுல ஏன் வைக்கீரு?" என்றால், "பல்லுதானே பாய் வேலை பாக்கு!" என்பார்.

அன்றும் சுரண்டி முடித்த நேரத்தில் பேச்சி ஐந்து தகடுகளோடு வந்தாள். வைத்து அமுக்கினேன். கோடு ஏறியது. 'டக்' வரவில்லை. கோடு வளைந்து, படுத்து, போய்க்கொண்டே இருந்தது. தகடு வில்லாக வளைந்து நின்றது. பாரமும் பெரிதாகக் குறையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தும் அப்படியே. பேச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கும் கண் கலங்கியது, சொன்னால் என்ன. அத்தனை மாதம் 'டக்' கேட்ட காது.

சார் வந்து ஐந்து தகடுகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அச்சிலேர்ந்து எடுத்ததுக்கும் இவரு மிஷினுக்கு வந்ததுக்கும் நடுவுல என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல சார்."

"தண்ணி பட்டுச்சா?"

"இல்ல சார்."

அவர் கேட்டதில் அர்த்தம் உண்டு. தகடுகளை ஈரம் அண்டாத கண்ணாடி ஜாடியில்தான் வைத்திருப்போம், அது அவருடைய சட்டம். ஈரம் பட்டால் பட்டு இளகும். சந்தேகம் தீர அவரே ஒரு தகட்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அது நுங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு, பாரமே தாங்காமல் தொய்ந்தது. ஆக, தண்ணீர் காரணம் இல்லை என்று முடிவானது. "சரி, மறுபடி வரட்டும்" என்றார்.

மறுபடி வரவில்லை. அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சலிப்புத் தட்டுகிறது. கூடு மாற்றினார்கள். கொதிக்கும் நேரத்தை மாற்றினார்கள். உப்பை மாற்றினார்கள். அச்சின் சூட்டை ஏற்றினார்கள், இறக்கினார்கள். குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டு பாபநாசத்திலிருந்து ஆற்றுத் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து வடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் 'டக்'. துண்டுகளை எடுத்து உறையில் போடும்போது நான் பேச்சியின் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவளுடைய ஆய்வேடு மொத்தமும் தயார். கடைசி அத்தியாயம் அந்த ஐந்து தகடுகள். சார் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் போடவில்லை. வருகிற வருஷத் தொடக்கத்தில் அவருக்கு ஓய்வு. அதற்குள் ஆகாவிட்டால் இன்னொருவரிடம் போய் முதலிலிருந்து நிற்க வேண்டும்.

நானே ஒருநாள் சாரிடம் பேசினேன். "சார், அஞ்சு தகடு வந்துச்சே. நானே அமுக்குனேன். பொய்யில்லையே."

"பொய்யின்னு நான் சொல்லலயே பீரு. எனக்குக் காரணம் தெரியலன்னுதான் சொல்லுதேன்."

"அந்தப் பிள்ளைக்கு வயசு போயிட்டு இருக்கு சார்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்குந்தான் போவுது" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். எனக்கு அவர்மேல் நிஜமாகவே கோபம். இவ்வளவு கறாராக இருந்து இவர் என்னத்தைக் கண்டார் என்று அன்று முழுக்கப் பொருமினேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. விடுமுறை. முற்பகலில் கரண்ட் போய்விட்டது என்றும், மாவை உறைய வைத்து உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டது என்றும் சுடலைமுத்து சாருக்குப் போன் செய்திருக்கிறார். உள்ளே இருந்தது உருகினால் ஒரு மாத வேலை போச்சு. சார் என்னையும் கூப்பிட்டார். "பீரு, வாரும், ஜெனரேட்டர்ல மாத்திவிட்டுட்டுப் போயிருவோம்." போனோம், மாற்றினோம். கிளம்பும்போது சோதனை அறைப் பக்கம் சாம்பிராணி வாடை. பூஜை முடிந்திருந்தது. பொரி, அவல், வாழைப்பழம் எல்லாம் பரப்பி, என் இயந்திரத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் அந்தக் கோலத்தில் அறையைப் பார்த்ததே இல்லை. சார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். நான் பின்னால் நின்றேன்.

இயந்திரத்தின் காலடியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதில் வெற்றிலை விரித்து, வெற்றிலையின் மேல் புதுத் தகடுகள் ஐந்து, நுனி மட்டும் வெளியே தெரிந்தது. தகடுகளின் மேல் மஞ்சள் செவ்வந்திப் பூக் குவியல். தண்ணீர் தெளித்து வைத்த பூ, ஈரம் மினுமினுவென்று இருந்தது. அதன் மேல் இன்னொரு வெற்றிலையை மூடியிருந்தாள் பேச்சி. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றவள், சாரைப் பார்த்ததும் கையை இறக்கி ஒதுங்கி நின்றாள்.

சார் தாம்பாளத்தின் பக்கம் வந்து குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார், குரல் ரொம்ப இறங்கியிருந்தது. "போன வருஷமும் இங்கன வச்சியா?"

"ஆமா சார்."

"எவ்வளவு நேரம்?"

"பூஜையில வச்சா அன்னைக்கு எடுக்கக் கூடாதுல்லா சார். மறுநாத்துக் காலையிலதான் எடுப்போம்."

"நான் அத்தன தடவ கேட்டனே. ஒண்ணும் செய்யலன்னியே பேச்சி."

"செய்யல சார்." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "சாமிகிட்டதானே வச்சேன்."

அவள் பொய் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவளிடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கொதிக்க வைப்பது, கரைப்பது, அழுத்துவது எல்லாம் செய்வது. சாமியிடம் வைப்பதை யார் செய்வதில் சேர்ப்பார்கள்? தண்ணீர் பட்டதா என்று கேட்டால், பூ பட்டது என்று யாருக்குச் சொல்லத் தோன்றும்? சுடலைமுத்துவும் அங்கேயேதான் இருந்தார், அவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கக்கூடிய நாங்கள் இருவரும் அன்றைக்கு மட்டும் அங்கே இருப்பதில்லை.

அவள் தாம்பாளத்தை எடுக்கப் போனாள். "எடுக்காத. காலையில எப்ப எடுப்பியோ அப்பவே எடு" என்று சொல்லிவிட்டு சார் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எங்களுக்கு முன்னால் சார் வந்திருந்தார். பேச்சி பூவை விலக்கித் தகடுகளைத் துடைத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் சார் எடை போட்டார். ஜாடியில் இருந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. அமுக்கினேன். வில்லாக வளைந்தது. ஐந்தும். போன வருஷத்தின் அதே கோடு.

"சார், வந்துட்டு!" என்றாள் பேச்சி.

"தண்ணிம்மா அது." சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் முக்கிப் பாத்தேன், நுங்காப் போச்சு, அதோட விட்டுட்டேன். பூ பைய பைய, அளவாக் குடுத்திருக்கு. அளவத் தாண்டுனா நுங்கு. குறைஞ்சா டக்கு. ஆட்டுக் கால்ல வச்சா என்ன ஆவும்?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. உடம்புக்குள் எல்லாம் ஈரம். ஒரு ராத்திரி பூவோடு நிற்காது. முழுக்க நனைந்து நுங்காகிவிடும். எலும்புத் தகடு என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. அவள் கடைசி அத்தியாயம் எங்கள் கண் முன்னாலேயே போயிற்று. அப்போது அவள் கேட்ட கேள்வி வேறு.

"அப்ப அம்மன் குடுக்கலையா சார்?"

சர்ச் கமிட்டியில் இருக்கிற மனிதரிடம் இந்தக் கேள்வி. அவர் வளைந்த தகடு ஒன்றைக் கையில் எடுத்தார். "அத நான் எப்படிம்மா சொல்ல? எவ்வளவு தண்ணின்னு வேணா அளந்து சொல்லலாம்."

கால்நடை மருத்துவருக்கு அவரே போன் செய்து, வேண்டாம் என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, "இல்ல டாக்டர், தப்பு எங்க பக்கம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

துறைத் தலைவர் நல்லவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவர் பேச்சியைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். எலும்பை விட்டுவிடு, 'ஈரப்பதமான சூழலில் வைக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுது, முடிவு முடிவுதானே, ஞானமுத்துவும் நிம்மதியாக ஓய்வு பெறட்டும். பேச்சி அப்படியே எழுதிக்கொண்டு சாரிடம் வந்தாள்.

"எந்தச் சூழல்?" என்றார் சார். "இத மெட்ராஸ்ல ஒருத்தன் படிக்கான். அவன் தகட்ட எங்கன கொண்டு வைப்பான்? நாம ஒரு வருஷம் அலஞ்சமே, அவனும் அலையட்டுமா?"

"வேற என்ன சார் எழுதச் சொல்லுதிய?"

"பூவ எழுது. வெத்தலைய எழுது. பூஜைய எழுது. எழுதுனா இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "சிரிப்பாங்க சார். பேச்சியம்மாள்னு பேரு, அம்பாசமுத்திரத்துக்காரி, பூஜை போட்டுப் பட்டு செஞ்சாளாம்னு காலேஜ் காலேஜா சொல்லிச் சிரிப்பாங்க. நாளைக்கு வேலைக்கு இன்டர்வியூ போனாலும் அதத்தான் கேப்பாங்க. நீங்க ரிட்டயர் ஆயிட்டுப் போயிருவிய. நாந்தான நிக்கணும்?"

அவள் கேட்டது நியாயம். எனக்கு அப்படித்தான் பட்டது, இன்றும் படுகிறது. சார் அவள் எழுதிக்கொண்டு வந்த தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. முடிந்தது, ஊருக்குப் போய்விட்டாள், இன்னொரு பிள்ளை ஓடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பை நிறையக் கண்ணாடி ஜாடிகளோடு வந்து நின்றாள். அவளாகவே யோசித்திருக்கிறாள். ஒவ்வொரு உப்பும் அதன் கரைசலுக்கு மேலே இருக்கிற காற்றில் ஒரு குறிப்பிட்ட அளவு ஈரத்தைத்தான் நிறுத்தி வைக்கும். ஜாடியின் அடியில் வெவ்வேறு உப்புக் கரைசல், மேலே வலைத்தட்டில் தகடு, மூடி. பூவுக்குப் பதிலாக உப்பு. எந்த ஈரத்தில் உடைகிறது, எந்த ஈரத்தில் வளைகிறது, எந்த ஈரத்தில் தொய்கிறது என்று அளந்து எழுதிவிடலாம், யாரும் எங்கேயும் திரும்பச் செய்யலாம். சார் ஜாடிகளைப் பார்த்தார். "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

"அப்ப பூவ எழுத வேண்டாம்லா சார்?" என்றேன் நான், அவளுக்காக.

பேச்சியே பதில் சொன்னாள். "எழுதிட்டேன் அண்ணாச்சி. அது இல்லாம இந்த ஜாடி எங்கேருந்து வந்துச்சுன்னு எப்படிச் சொல்ல?"

சார் ஓய்வு பெறும் வரை அந்த ஜாடிகளோடுதான் மல்லுக்கட்டினோம். எனக்கு முழங்கால் வலி அப்போதே ஆரம்பித்துவிட்டது. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டே உடைத்தேன். கடைசியில் தெரிந்தது இதுதான்: வலுவும் வளைவும் சேர்ந்து இருக்கிற இடம் ரொம்பக் குறுகலானது. ஒரு பக்கம் போனால் கண்ணாடி, மறுபக்கம் போனால் நுங்கு. எதற்கு உபயோகம் என்று கேட்டால் தெரியாது. சார் தன் கடைசி நாளில் கையெழுத்துப் போட்டார். பொன்னாடையைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

பொது வாய்மொழித் தேர்வு சில மாதம் கழித்து நடந்தது. பட்டம் கொடுப்பதற்கு முன் வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார், யாரும் வந்து உட்காரலாம். கேசரியும் மிக்சரும் பட்டம் வாங்குகிறவர் செலவு. சார் முன்வரிசையில், அதே மேல் பட்டன். பேச்சியின் அப்பா கஞ்சி போட்ட வேட்டி சட்டையில் வந்து பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மகள் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தேர்வாளர் பக்கத்தைப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். ஆயுத பூஜை, வெற்றிலை, செவ்வந்தி. வாசித்துவிட்டு நிமிர்ந்து, எந்தக் கடையில் வாங்கிய பூ என்று எழுதவில்லையே என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. எங்கள் துறைக்காரர்களே சிரித்தார்கள். பேச்சி மேடையில் ஜாடிப் படத்துக்கு முன்னால் அசையாமல் நின்றாள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அடங்கவில்லை.

அவள் அப்பா என் பக்கம் குனிந்தார். "என்ன பாய், எம் பிள்ளையப் பாத்தா சிரிக்காவ?"

"தகட்ட பூஜையில வச்சா அண்ணாச்சி. அத மறைக்காம எழுதியிருக்கா. அதுக்குத்தான்."

"எழுதாம விட்டிருந்தா?"

"ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டாவ."

அவர் மேடையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு வரிசை விடாமல் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்பச் சிரிச்சிட்டுப் போட்டும் பாய்" என்றார்.